ஒரு தடவை மட்டும் கேட்ட மகனுக்கு

நீ இதை மெதுவாகத்தான் படிப்பாய். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நகரித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னா கற்றுக்கொடுத்த நான், உன்னை மட்டும் இங்கிலீஷ் மீடியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வீட்டில் நான் சொல்லிக்கொடுத்த தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, கனடாவில் ஞாயிற்றுக்கிழமை நீளமானது, நிதானமாகப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் என்னால் முடிவதில்லை. "எப்டிம்மா கீற?" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் "நல்லா கீறேன்டா" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பேனாவைப் பிடித்தால்தான் எனக்கு யோசிக்கவே நேரம் கிடைக்கிறது. இந்த அபார்ட்மென்டில் என்னைப் போலப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு "நல்லா கீறோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெண்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இதை அவர்கள் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

போன வாரம் வீடியோ காலில் உன் புது வேலையைப் பற்றிச் சொன்னாய். அதே பழைய நெல்லிக்காய்தான். வெட்டி வைத்த கத்திரிக்காய் காற்றுப் பட்டுக் கறுத்துப்போவது போல உடம்புக்குள்ளும் ஒன்று நடக்கிறது, அதைத் தடுக்கிற சத்துதான் ஆன்டிஆக்சிடன்ட் என்று எனக்கு எப்போதோ விளக்கியிருக்கிறாய். காய்ந்த நெல்லியை எவ்வளவு நைசாக அரைத்தால் அந்தச் சத்து எவ்வளவு வெளியே வரும் என்று பார்ப்பதுதான் உன் பிழைப்பு. "கொரகொரன்னு இருந்தா உள்ள எல்லாமே இருக்கும்மா, ஆனா வெளிய விடாது. நாங்க அளந்து பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் காட்டும்" என்றாய். நான் "அப்டியா?" என்றேன். பாப்பாவைக் காட்டினாய், அவள் எனக்கு முத்தம் கொடுத்தாள், போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நீ நெல்லியைப் பற்றித்தான் சொன்னாய் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மனசு ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கும்போது காதில் விழுவதெல்லாம் அதைப் பற்றியே விழுகிறது. என் மனசில் இருந்தது சங்கராந்திக்கு நீ வந்திருந்தபோது கேட்ட கேள்வி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. நீ தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். லாவண்யா உள்ளே பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தேன். "நீ எங்க கூடவே வந்துரும்மா. நைனாவும் இல்ல. இங்க ஒண்டியா இன்னா பண்ணப்போற?" என்று கேட்டாய். "நான் எதுக்குடா அங்க? எனக்கு இங்க இன்னா கொறச்சல்?" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். "சரிம்மா, உன் இஷ்டம்" என்றாய். பிறகு "இன்னொரு தோசை போடு" என்றாய். அவ்வளவுதான். அந்தத் தோசையை நான் கருக விட்டேன். நீ அதை அப்படியே தின்றாய். அன்று முழுக்க நீ எப்போது மறுபடி கேட்பாய் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன். காரில் ஏறும்போது கேட்பாய் என்று நினைத்தேன். சென்னை ஏர்போர்ட்டில் கேட்பாய் என்று நினைத்தேன். அங்கே நீ "மாத்திரைய மறக்காம போட்டுக்கோ" என்றுதான் சொன்னாய். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போயிற்று, அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. இன்னொரு தடவை கேட்பாய் என்று நானும் காத்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இவன் எங்கே வளர்ந்தான், நம் வீட்டில்தானே வளர்ந்தான் என்று நினைத்தேன். கார்வேட்டிநகரத்திலிருந்து உன் பெரியப்பா பஸ் ஏறி வருவாரே. உள்ளே வந்ததும் "இப்பத்தான் புத்தூர் பஸ் ஸ்டாண்டுல துன்னுட்டு வந்தேன், ஒண்ணும் வேணாம்" என்பார். உன் நைனா அதற்குப் பதிலே சொல்லமாட்டார். "கை கழுவுண்ணா" என்பார். நான் இலையைப் போட்டுவிடுவேன். பெரியப்பா "இன்னாத்துக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை ரசம் வாங்கிக்கொள்வார். ஒருநாள் நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பா பொய் சொல்றாராம்மா?" என்று கேட்டாய். "பொய் இல்லடா, அது மரியாத" என்றேன். முதல் தடவை வேண்டாம் என்பது வந்தவர் மரியாதை, அதைக் காதில் வாங்காமல் இருப்பது வீட்டுக்காரர் மரியாதை. நம் பக்கத்தில் பத்திரிகை வைத்து அழைத்தாலும், சேலை எடுத்துக் கொடுத்தாலும், ஒரு வாய் காபி கொடுத்தாலும் இப்படித்தான். இதை யாரும் பாடம் எடுப்பதில்லை, தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். உனக்கும் வந்திருந்தது. அந்த ஊர் போனபிறகு எங்கோ கழன்றுவிட்டது.

கழன்றது உன் தப்பில்லை என்பது எனக்கு அங்கே வந்தபோதே தெரிந்திருக்க வேண்டும். பாப்பா பிறந்த சமயம் நான் வந்து தங்கியிருந்தேனே, எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மாள் நம்மை டீக்குக் கூப்பிட்டார். ஆப்பிள் போட்டுச் செய்த கேக், வாசனையே ஆளைத் தூக்கியது. அந்த அம்மாள் தட்டை நீட்டினார். நான் சிரித்துக்கொண்டே "நோ, தேங்க்யூ" என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்டார்! அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? வீட்டுக்கு வந்து லாவண்யாவிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தம்மா, இக்கட வொத்து அண்டே வொத்தே" என்று தெலுங்கில் சொன்னாள். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னபிறகு வற்புறுத்துவது அவர்களுக்கு அவமரியாதையாம். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் என் மகனும் அப்படி ஆகியிருப்பான் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. கேக்குக்குத்தானே அந்தச் சட்டம் என்று நினைத்துவிட்டேன்.

நீ என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டாய் என்று குறை சொல்கிறேன். நான் உன் பேச்சை எந்த லட்சணத்தில் எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீ அங்கே போன புதிதில் நெல்லி முள்ளி வேண்டும் என்று கேட்டாய். நம் பக்கத்து நெல்லிதான் வேண்டும், கொட்டை நீக்கி, நிழலில் காயவைத்து, முழுசு முழுசாக அனுப்பு, அரைக்கவே அரைக்காதே என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நானும் "சரி சரி" என்றேன். காயும்போது பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. என் பிள்ளை அந்த ஊரில் வேலைக்கும் போய், தானே சமைத்துத் தின்று, இதையும் உட்கார்ந்து இடிப்பானா என்று மனசு கேட்கவில்லை. நைசாக இருந்தால்தான் சத்து நிறைய வருமென்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் நைனாவின் மாவு மில்லில் இருப்பதிலேயே சன்னமான ஜல்லடையைப் போடச் சொல்லி அரைத்தேன். போதவில்லை என்று மறுபடி அரைத்தேன். என் பழைய மெல்லிசு நூல் சேலையைக் கிழித்து, டப்பா வாயில் கட்டி, அதில் சலித்தேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பவுடர் தோற்றது. அன்றைக்கே கூரியர் ஆள் வந்துவிட்டான். ஆறக்கூட விடாமல் கவரில் கொட்டி ஒட்டி அனுப்பினேன். உனக்குப் போய்ச் சேர்ந்தபோது அது பழுப்பு நிறத்தில் ஒரே கட்டியாக இருந்தது என்று லாவண்யா சொல்லித்தான் வெகுநாள் கழித்துத் தெரியும். நீ என்னிடம் சொன்னது, "வந்துச்சும்மா. சூப்பர்."

அந்த நெல்லி சீசன் முடிந்துபோயிருந்தது. உன் ஆராய்ச்சி அடுத்த சீசன்வரை நின்றது. லாவண்யா சொன்னபோது எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நான் அரைக்கவில்லை. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது சோற்றைக் குழையப் பிசைந்து, பருப்பில் ஒரு மிளகுத் தோல்கூட இல்லாமல் பொறுக்கி எடுத்து ஊட்டிய கை. நீ பெரிய பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் பிசைந்துதான் கொடுத்தேன். "பல்லு எதுக்குடி கீது அவனுக்கு?" என்று உன் நைனா கேட்பார். அதே கைதான் நெல்லியையும் அப்படிச் செய்தது. அரைக்காதே என்றாய், அரைத்தேன். வேண்டாம் என்றேன், நீ விட்டுவிட்டாய். இரண்டு பேரில் யார் பெரிய முட்டாள் என்று நீயே சொல்.

நைசாக அரைத்தால் எல்லாம் நல்லதுதான் என்று நான் நம்பியதற்குக் காரணமும் நீதான். திருப்பதியில் பி.எச்டி செய்துகொண்டிருந்தபோது என்னையும் நைனாவையும் யூனிவர்சிட்டி லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனாயே. நைனா அதற்காகவே வேட்டிக்குக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக் குழாய்களில் ஊதா நிறத் தண்ணீர் வைத்திருந்தாய். "இன்னாடா இது, கத்திரிக்கா கலர்ல கீது?" என்றார். "இதுல நெல்லிப் பொடி ஊற வெச்ச தண்ணிய விடுவேன் நைனா. இந்தக் கலர் எவ்ளோ போவுதோ, அவ்ளோ சத்து வெளிய வந்திருக்குன்னு அர்த்தம்" என்றாய். எல்லாம் ஒரே மரத்து நெல்லி, ஒரே எடை. ரவை மாதிரி இருந்த பொடியின் தண்ணீரை விட்டாய். ஊதா கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். மாவு மாதிரி இருந்ததை விட்டாய். கண் முன்னாலேயே ஊதா கரைந்து மஞ்சளாகிப்போயிற்று. உன் நைனாவுக்கு ஏக சந்தோஷம். ஆயுசு முழுக்க மில்லில் மாவு குடித்தவர் அல்லவா. "அப்ப இன்னும் நைசா அரச்சா?" என்றார். நீ கடைசிக் குழாயைக் காட்டினாய். அதிலிருந்தது நாள் முழுக்க மெஷினில் போட்டு அரைத்த பொடி. தொட்டால் கையில் இருப்பதே தெரியாது. அதன் தண்ணீரை விட்டபோது ஊதா போகத்தான் போயிற்று, ஆனால் மாவுப் பொடி அளவுக்குப் போகவில்லை. "ரொம்ப அரச்சா சூடாயிடும் நைனா. காத்தும் அதிகமாப் படும். நைசா இருந்தா திறந்துக்கும், ஆனா திறந்ததுதான் சீக்கிரம் கெட்டும் போவும். ஒவ்வொரு செடிக்கும் ஒரு அளவு கீது. அதத்தான் தேடிக்கினு கீறேன்" என்றாய். நான் மஞ்சளான குழாயை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடைசிக் குழாயை மறந்துவிட்டேன்.

இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, அந்தக் கடைசிக் குழாயை அடிக்கடி நினைக்கிறேன். நான் உனக்கு எல்லாவற்றையும் அளவுக்கு மீறி அரைத்துக் கொடுத்தேன். என்னை மட்டும் அரைக்காமலே வைத்துக்கொண்டேன். என் பயம், என் ஆசை, என் அழுகை ஒன்றையாவது உனக்குத் தெரிகிற மாதிரி நான் பொடித்துக் கொடுத்ததே இல்லை. உன் நைனா போனபோதுகூட நீ விமானத்தில் வந்து சேர்வதற்குள் முகம் கழுவி, உனக்கு இட்லி ஊற்றி வைத்தேன். நீ என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய், நான் "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று முதுகைத் தடவினேன். அம்மா திடமானவள் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். நீ அளந்தவரைக்கும் உனக்குக் கிடைத்தது அதுதான்.

நைனா போனபிறகு நகரி வீட்டில் தனியாக வேண்டாம், தறிச் சத்தம் வேறு என்று சொல்லி இந்தத் திருப்பதி பிளாட்டை எடுத்துக் கொடுத்தாய். லிப்ட் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார், ஆஸ்பத்திரி பக்கத்தில். எதையும் குறை சொல்லமாட்டேன். பால்கனியில் உட்கார்ந்தால் மலையேறுகிறவர்கள் அலிபிரிக்குப் போகிற ரோடு தெரிகிறது. எந்த நேரமும் ஜனம். மொட்டை போட்ட தலையும், தோளில் பிள்ளையும், கோவிந்தா சத்தமுமாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ வருகிறார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட எனக்காக வந்தவர் இல்லை. நம் நகரித் தெருவில் தறிச் சத்தத்துக்கு நடுவே கத்தித்தான் பேச வேண்டும், ஆனாலும் பேச ஆள் இருந்தது. இங்கே நன்றாகக் கேட்கிறது, பேசத்தான் ஆளில்லை. வாட்ச்மேன் மட்டும் "பாபு எப்புடொஸ்தாடம்மா?" என்று நீ வரும் நாளைக் கேட்பார். உகாதிக்கு என்பேன். உகாதி போனதும் தசராவுக்கு என்பேன். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. எழுந்து தண்ணீர் எடுக்க முடியாமல் படுத்திருந்தபோது டிவியில் ஓடிக்கொண்டிருந்த சீரியல் மாமியார் என்னைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. "இன்னாம்மா?" என்று நான் பதில் சொன்னேன். சொன்ன பிறகு என் குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன். அன்றைக்கு முழுக்க நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

அங்கே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் ஏமாறவில்லை. பாப்பா ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த பிறகு இன்னொரு தடவை வந்து அங்கேயும் இருந்து பார்த்தவள்தானே. காலையில் நீங்கள் மூன்று பேரும் கிளம்பிப் போனால் வீட்டில் பிரிட்ஜ் உறுமுகிற சத்தம்தான். ஜன்னலுக்கு வெளியே பனி, நடக்கப் பயம். பாப்பா இங்கிலீஷில் பேசுவாள், நான் தலையாட்டுவேன். அதுவும் தனிமைதான். ஆனால் அந்தத் தனிமை சாயங்காலம் கதவில் சாவி திரும்பும்போது முடிந்துவிடும். இங்கே இருப்பது முடிவதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

அம்மா கடிதம் என்றால் புத்தி சொல்லாமல் முடியாது, கேட்டுக்கொள். பாப்பாவுக்குச் சோற்றைக் குழைய விடாதே, கடித்துத் தின்னட்டும். லாவண்யா முகம் வாடினால் ஒரு தடவை கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்காதே, அவளும் நம் பக்கத்துப் பெண்தான். நீயும் உன் பங்குக்கு "சூப்பர்" என்று சொல்லாதே. கெட்டுப்போன பொடியைக் கெட்டுப்போயிற்று என்று சொல். நான் அழுதிருப்பேன், அடுத்த தடவை முழுசாக அனுப்பியிருப்பேன். வீட்டுக்குள் இவ்வளவு மரியாதை ஆகாது, அது நம் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கரையில் உட்கார வைத்துவிட்டது.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது உன்னை ஒன்று கேட்கத்தான் நினைத்திருந்தேன். இன்னொரு தடவை என்னைக் கூப்பிடு, இந்தத் தடவை வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், என்று முடிக்க நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. நீ கேட்க வேண்டும், நான் ஒரு பிகு செய்துகொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும், அப்படித்தானே? இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதற்காகக் காத்திருப்பது? நீ கேட்க வேண்டாம். நானே சொல்கிறேன். எனக்கு இங்கே தனியாக இருக்க முடியவில்லை. உன்னோடு இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நான் வரட்டுமா? லாவண்யாவையும் கேட்டுவிட்டுச் சொல். முடியாது என்றால் முடியாது என்றே சொல், அதை அப்படியே எடுத்துக்கொள்ள உன்னிடமிருந்து நானும் கற்றுக்கொள்கிறேன். ஆனால் "பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லாதே கண்ணு. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா இன்னும் பத்து வருஷம் இந்தப் பால்கனியில் உட்கார்ந்திருப்பாள்.

அம்மா